சலேகா

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் வலது கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆள் நல்ல உயரம். தோள் அகலம், கழுத்து தடிமன். அந்த உடம்பின் முனையில் அந்தக் கை மட்டும் வேறு யாரிடமிருந்தோ வாங்கி மாட்டியது போலிருக்கும். வளையல்காரி பார்த்தால் அளவு கேட்காமலே இரண்டே கால் எடுத்துப் போட்டுவிடுவாள். விரல்கள் நீளம், முட்டிகளே தெரியாது. டாக்ஸிக்காரர்கள் அவரை ‘பத்லா ஹாத்’ என்பார்கள். மெல்லிசுக் கை என்று அர்த்தம். நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர். இரண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம், வேறு வேறு ஊர்.

காலையில் கராஜுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பழைய சவரத் தகடால் வலது கை நகங்களை ஒட்ட எடுப்பார். பிறகு முழங்கை வரை தேங்காய் எண்ணெய். அந்தக் கையால் கனமான எதையும் தூக்க மாட்டார். லோக்கல் ரயிலில் கூட்டம் நெருக்கினால் அதைச் சட்டைக்குள் நுழைத்து வயிற்றோடு வைத்துக்கொள்வார். அவர் மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளைத் தூக்குவதும் இடது பக்கம்தான்.

பம்பாயில் எங்கள் கராஜ் தாராவிக்கும் சயானுக்கும் நடுவில் இருந்தது. தகரக் கூரை, மூன்று வண்டி நிற்கிற இடம், ஒரு சேட்டு முதலாளி. தாதருக்கு டிராம் ஓடுவது நின்றுபோன சமயம். கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் வரிசையாகப் பரப்பி, திரும்ப மாட்டும்போது ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பதும் கூட நின்று மாட்டுவதும் என் வேலை. நான் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடத்தில் படித்ததில் எண்ணுவது மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. படி ஏறினால் படியை எண்ணுவேன். பூட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். நாலாவது தடவை பார்க்காமல் வந்துவிட்டோமே என்று பாதி வழியில் நிற்பேன். அதனால்தான் அந்த விஷயம் என் கண்ணில் பட்டது. வேறு யார் கண்ணிலும் படவில்லை.

நான் சேர்ந்த மூன்றாவது மாதம் பெரிய அமெரிக்க வண்டி ஒன்று வந்தது. அதற்கு முன்பு இரண்டு கராஜ் பார்த்துவிட்டு வந்த வண்டி. எஞ்சின் சும்மா உட்கார்ந்திருக்காது. சட்டத்தின் மேல் ரப்பர் கட்டை வைத்து, அதன் மேல் உட்கார வைத்து, போல்ட்டுப் போட்டு இறுக்கியிருக்கும். அதை பவுண்டேஷன் என்போம். அந்த வண்டிக்கு ரப்பர் நைந்துவிட்டது. மாற்ற வேண்டுமானால் நாலு போல்ட்டுக் கழற்ற வேண்டும். மூன்று கைக்கு எட்டும். நாலாவது, புகைக்குழாய்க்குப் பின்னால், ஸ்டீயரிங் தண்டுக்கும் சட்டத்துக்கும் இடையில், கண்ணாடித் துண்டு வைத்துப் பார்த்தாலும் பாதித் தலைதான் தெரிகிற இடத்தில் இருந்தது. முன்பு பார்த்த இரண்டு கராஜ்காரர்களும், எஞ்சினையே சங்கிலி போட்டு வெளியே தூக்கினால்தான் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள்.

அண்ணாச்சி முதல் நாள் சாயங்காலமே மண்ணெண்ணெயில் கோழி இறகைத் தோய்த்து, நீளக் கம்பியில் கட்டி, அந்த போல்ட்டின் தலையில் தொட்டு வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அவருடைய துணி மூட்டையைப் பிரித்தார். மனைவியின் பழைய சேலைத் துண்டு அது. உள்ளே அவர் தானே அறுத்துக் குட்டையாக்கி, நெருப்பில் காய்ச்சி வளைத்த ஸ்பானர்கள் இருந்தன. கோணலும் மாணலுமாக, ஏதோ நோய் வந்த விரல்கள் போல. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு கையை உள்ளே விட்டார்.

வேலை செய்யும்போது அவர் எஞ்சினைப் பார்க்க மாட்டார். முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வார். கைக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதது போல இருக்கும் அந்த முகம். போகிறவர் வருகிறவர்கள் அவர் தூங்குகிறார் என்று நினைப்பார்கள். எனக்கு அது முதலிலிருந்தே பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது.

கண்ணை மூடியபடியே என்னிடம் சொன்னார்: “மொதல்ல ஒரு மயிரிழை டைட்டு பண்ணணும் வே. நாம கழட்ட வந்திருக்கோம்னு அதுக்குத் தெரியப்புடாது.”

“தெரிஞ்சா என்ன செய்யும் அண்ணாச்சி?”

“புடிச்சுக்கிடும். பெறகு தலைதான் உடையும். கொஞ்சம் டைட்டு பண்ணினா, ஆகா நம்மளை நல்லா பாத்துக்கிடுதான்னு நெனைச்சு இளகும். ஒருக்கா ஆடிட்டுன்னா நம்ம சொத்து.”

அரைக்கால் சுற்று, ஸ்பானரை எடுத்து மறுபடி மாட்டி இன்னொரு அரைக்கால் சுற்று. இருபது நிமிஷத்தில் அந்தக் கை வெளியே வந்தது. உள்ளங்கையில் போல்ட்டு இருந்தது. சுற்றி நின்ற டிரைவர்கள் ‘வாஹ் உஸ்தாத்’ என்று மெச்சினார்கள். சேட்டு எல்லோருக்கும் சாயா சொன்னார். அவர் கண்ணைத் திறந்து அந்த போல்ட்டைப் பார்த்த பார்வையை நான் பிறகு பல தடவை பார்த்திருக்கிறேன். பசி அடங்கிய பார்வை அது.

சாயங்காலம் புது ரப்பர் வைத்து எஞ்சினை இறக்கி இறுக்கினோம். வண்டி போகத் தயாராக நின்றது. என் துணியில் ஒரு போல்ட்டு மிச்சம் இருந்தது.

“அண்ணாச்சி, நாலு கழட்டினோம். மூணுதான் மாட்டியிருக்கோம்.”

அவர் அதை எடுத்துக் கட்டைவிரலால் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “சலேகா,” என்றார்.

பம்பாய்க்கு வந்த புதிதில் சலேகா என்றால் ‘ஓடும்’ என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டி சலேகா, கடிகாரம் சலேகா. பிறகு கேட்கக் கேட்கத்தான் அதற்கு இன்னொரு முகம் இருப்பது தெரிந்தது. வெள்ளைச் சட்டைக்குக் கறுப்புப் பட்டன் தைத்துவிட்டுத் தையல்காரர் சலேகா என்பார். சாயாவில் இஞ்சி இல்லையே என்றால் கடைக்காரர் சலேகா என்பார். அங்கே அது ‘ஓடும்’ இல்லை, ‘பரவாயில்லை, விடு’. ஒரே சொல், ஒரே தலையாட்டல். சொல்கிறவர் எதை நினைத்துச் சொல்கிறார் என்பது கேட்கிறவருக்குத் தெரியாது. தமிழில் இந்த வசதி கிடையாது. ஓடும் என்று சொல்லிவிட்டால் ஓடும்தான்; பிறகு ‘விடு என்றுதானே சொன்னேன்’ என்று நழுவ முடியாது.

அன்று நான் விடவில்லை. “மூணு போதுமா அண்ணாச்சி?”

“எடுக்க இருவது நிமிசம். மாட்ட ரெண்டு மணி நேரம் ஆவும் வே. கண்ணு தெரியாத எடத்துல மரையைப் புடிக்க வைக்கணும். சரி, நான் மாட்டிருதேன்னே வையும். ரெண்டு வருசம் களிச்சு எவனாவது இதக் களட்டணும்லா. அவன் என்ன பாவம் பண்ணினான்? அவன் கை என் கையா?”

சொல்லும்போது முகம் தெரியாத அந்த அடுத்தவன் மேல் அவருக்கு நிஜமாகவே இரக்கம் இருந்தது. கேலியாகச் சொல்லியிருந்தால்கூட நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அதன் பிறகு அவர் பெஞ்சுக்கு அடியில் ஒரு வனஸ்பதி டப்பா இருப்பதைக் கவனித்தேன். மூடி கிடையாது. அந்த மாதிரி போல்ட்டுகள் அதில்தான் போய்ச் சேர்ந்தன. எல்லா வண்டியிலும் அவர் அப்படிச் செய்ததில்லை. கைக்கு எட்டுகிறதையெல்லாம் ஒழுங்காக மாட்டி, பிசகில்லாமல் இறுக்குவார். யாருக்கும் எட்டாதது, அவர் ஒருவருக்கு மட்டும் எட்டுவது, அது மட்டும் டப்பாவுக்குப் போகும்.

வீட்டிலும் அப்படித்தான் என்று மதினி சொல்வார். அவர்கள் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் குடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுவார்கள். உப்பு ஜாடிக்கு மூடி இருக்காது. எண்ணெய்ப் போத்தலுக்குத் தக்கை இருக்காது. “தொறக்கதோட சரி இந்த மனுசன்,” என்பார் மதினி. “மூடுததுக்கு வேற ஒருத்திய கெட்டியிருக்கணும்.” அவர் சிரித்துக்கொண்டே மீன் முள்ளை எடுத்து மகளுக்கு ஊட்டுவார். ஒரு முள்கூட அந்தக் கைக்குத் தப்பாது. அந்தப் பிள்ளை வாயைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடும்.

ஒரு நாள் கேம்ப்பின் குழாயடியில் ஒரு பெண்ணுக்குத் தாலிக்கயிறு அறுந்து, தாலி சாக்கடைக்குள் விழுந்துவிட்டது. மேலே கனத்த கல்மூடி. நாலு பேர் சேர்ந்து கல்லைத் தூக்கினார்கள். அண்ணாச்சி அந்த நாற்றத்தில் குப்புறப் படுத்து, தோள் வரை கையை விட்டு, முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடினார். கால் மணி நேரம் அப்படியே கிடந்தார். எடுத்துவிட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே காலில் விழப்போனாள். எல்லோரும் அவர் பின்னாலேயே, அவர் கை கழுவுவதைப் பார்க்கப் போய்விட்டார்கள். குழி திறந்தபடியே கிடந்தது. தண்ணீர் எடுக்கப் பிள்ளைகள் ஓடிவருகிற நேரம். நான் ஒருவன் அதன் பக்கத்திலேயே நின்று, வருகிற போகிறவர்களைக் கெஞ்சி, கல்லைத் திரும்ப நகர்த்தி வைத்தேன். வைத்த பிறகும் ஏறி மிதித்துப் பார்த்தேன்.

சயான் டாக்ஸி விஷயம் அடுத்த மழைக்காலத்தில் நடந்தது. பவுண்டேஷன் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மேட்டில் ஏறும்போதோ அவசரமாக வேகம் எடுக்கும்போதோ எஞ்சின் ஒரு பக்கமாக எழும்பும். எழும்பும்போது ஆக்சிலேட்டர் கம்பியைக் கூடவே இழுத்துக்கொண்டு எழும்பும். அப்புறம் டிரைவர் காலை எடுத்தாலும் வண்டி ஓடும்.

அந்த டாக்ஸியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். முன்பக்கம் நசுங்கியிருந்தது. கைவண்டி இழுத்துக்கொண்டு போன ஒருவரின் இரண்டு காலும் போய்விட்டது என்றார்கள். டிரைவர் நம்ம ஆள்தான், பதினெட்டு வருஷம் ஓட்டினவர். பெஞ்சில் உட்கார்ந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலை எடுத்துட்டேன். சத்தியமா எடுத்துட்டேன். வண்டி ஓடிச்சு.”

“பிரேக்குன்னு நெனைச்சு ஆக்சிலேட்டர மிதிச்சிருப்பீரு,” என்றார் அண்ணாச்சி, பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்து. “பதட்டத்துல எல்லாருக்கும் ஆவும்.”

நான் எஞ்சினுக்கு அடியில் பார்த்தேன். ஒரு பக்க பவுண்டேஷனில், இரண்டு இருக்க வேண்டிய இடத்தில், நாலு மாதம் முன்பு நாங்கள் போட்ட ஒற்றை போல்ட்டு ரப்பரைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. தலை நிமிர்ந்தபோது அண்ணாச்சி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கழுவ வேண்டிய சாமான்களைக் கழுவப் போய்விட்டேன். அந்த டிரைவர் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. அவர் காலே அவருக்கு எதிரி என்று நம்பிவிட்டார். நான் வாயைத் திறந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். இதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பல வருஷம் கழித்து முலுண்ட் ஸ்டேஷனில் அண்ணாச்சியைக் கடைசியாகப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. அந்தக் கையைச் சட்டைக்குள் வைத்திருந்தார். மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது என்றார், மதினி உம்மை விசாரிப்பாள் என்றார். டப்பாவை என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. வண்டி வந்ததும் ஏறிவிட்டார். நான் அந்த வண்டியில் ஏறாமல் அடுத்ததில் போனேன்.

சயான் டாக்ஸிக்குச் சில மாதம் கழித்து கராஜுக்கு ஒரு மாட்டுங்கா வண்டி வந்தது. அதை அவரிடம் கொண்டுவந்து சேர்த்ததே மதினிதான். மாட்டுங்காவில் ஆபீஸ் உத்தியோகத்தில் இருந்த பாலக்காட்டுக்காரர் ஒருவர் வீட்டில் மதினி பாத்திரம் தேய்த்து, துணி துவைத்துக்கொண்டிருந்தார். அந்த சார் புதிதாக ஒரு பழைய இங்கிலீஷ் வண்டி வாங்கியிருந்தார். எஞ்சின் அதிருகிறது என்று கொண்டுவந்து விட்டார். ரப்பர் மாற்றினோம். எட்டாத போல்ட்டு ஒன்று அதிலும் இருந்தது. டப்பாவில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

சாரும் மாமியும் வண்டியை எடுக்க வந்தார்கள்.

“ஏம்ப்பா, வர சனிக்கிழமை பூனாவுக்குப் போகணும். பெரியவளுக்கு நிச்சயதார்த்தம். கண்டாலா மலை ஏறுமோல்லியோ?”

“சலேகா, சாப்.”

“நன்னா கேட்டேளா?” என்றார் மாமி வண்டிக்குள்ளிருந்து.

“கேட்டாச்சு. ஓடும்ங்கறான். நீ பயந்துண்டே இரு.”

அண்ணாச்சி ‘ஓடும்’ என்று சொல்லவில்லை என்பது அங்கே எனக்கு மட்டும் தெரியும். ‘விடு’ என்று சொன்னதைத்தான் சார் தமிழில் ‘ஓடும்’ என்று மாமிக்குச் சொன்னார். வண்டி சந்து திரும்பிப் போனது. மலை ஏற்றம், எழும்புகிற எஞ்சின், காலை எடுத்தாலும் ஓடுகிற வண்டி. அந்த வாரம் சொல்லலாம் என்று இரண்டு தடவை மாட்டுங்கா வரை நடந்துபோய், அந்த வீட்டு வாசலில் மதினியின் செருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். சொன்னால் அண்ணாச்சி பிழைப்பு போகும். மதினி வேலையும் போகும். கூடவே இருந்து பார்த்தவன் என்று என்னையும் கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மதினி சாப்பாடு கொண்டுவந்தார். மகளும் கூட வந்திருந்தாள். மதினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“நாளைக்கு ராத்திரிச் சோறு நீங்களே பொங்கிக்கிடணும் பாத்துக்கிடுங்க. மாட்டுங்கா அம்மா எங்களையும் பூனாவுக்குக் கூட்டிட்டுப் போறாவ. விசேச வீட்டுல வேலைக்கு ஆள் வேணும்லா. பிள்ளையையும் கூட்டிக்கோன்னுட்டாவ. கார்லயே.”

அண்ணாச்சி பிசைந்த சோறு கையிலேயே நின்றது. “எந்தக் கார்ல?”

“அவ்வோகிட்ட எத்தன கார் நிக்கி? நீங்க பாத்துக் குடுத்த கார்தான்.”

“ரயில்ல போயேன்.”

“ஏன், உங்க வேலை மேல உங்களுக்கே நம்பிக்க இல்லியோ?” மதினி சிரித்தார். மகள் ஏற்கெனவே சீட்டில் உட்கார்ந்தது போலக் குதித்துக் குதித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு அண்ணாச்சி கையைக் கழுவினார். சாப்பாடு அப்படியே இருந்தது. டப்பாவை எடுத்து ஒரு சாக்கில் கவிழ்த்தார். போல்ட்டுகள் சிதறின. எண்ணினேன், என்னால் எண்ணாமல் இருக்க முடியாது: இருபத்தொன்று. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பி, கண்ணை மூடி, ஒவ்வொன்றாகத் தடவினார்.

“இது பைகுல்லா டாக்டர் வண்டி... இது அந்த அமெரிக்கா வண்டி... இது சயான் டாக்ஸி...” விரல் நின்றது, நகர்ந்தது. “இது செம்பூர் பள்ளிக்கூட வேன்... இது சேட்டு மச்சினன்... இந்தா, மாட்டுங்கா.”

அதுவரை நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். சோம்பல் என்று நினைத்திருந்தேன். மறதி என்று நினைத்திருந்தேன். மூன்றே போதும் என்று அவர் மனதார நம்புகிறார் என்றுகூட நினைத்து, அவர் நம்புவதை நானும் நம்பப் பார்த்திருந்தேன். அன்றுதான் தெரிந்தது, எந்த வண்டியில் எது இல்லை என்பது அவருக்கு ஒன்றுவிடாமல் தெரியும். எது போதாது என்பதும் தெரியும்.

“இதையெல்லாம் அள்ளி உள்ள போடும் வே. நாம மாட்டுங்கா போவணும்.”

அள்ளிப் போட்டேன். செம்பூர் பள்ளிக்கூட வேனுடையதை மட்டும் என் பையில் போட்டுக்கொண்டேன்.

மாட்டுங்காவில் இரண்டரை மணி நேரம் ஆனது. விரல் நுனியில் கிரீஸைத் தடவி, அதில் போல்ட்டை ஒட்டவைத்து, உள்ளே கொண்டுபோய், மரை பிடிக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்ப்பார். நழுவி விழும். எடுத்துத் துடைத்து மறுபடி. அன்று அவர் கண்ணை மூடவில்லை. எஞ்சினையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் எண்ணெயோடு கலந்து வடிந்தது. சார் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, “மறுபடியும் ஏதாவது கோளாறா?” என்றார்.

“இல்ல சார். ஒரு சின்ன டைட்டு.”

மாமி காபி கொடுத்தனுப்பினார். “வீடு தேடி வந்து பாக்கறான், என்ன சிரத்தை,” என்று உள்ளே சொல்வது கேட்டது.

திரும்பி நடந்து வரும்போது ரயில்வே பாலத்தின் மேல் கேட்டுவிட்டேன். “அப்போ மத்ததெல்லாம் அண்ணாச்சி?”

“எந்த மத்தது?”

“டப்பால கெடக்கது.”

கீழே போன ஒரு ரயிலை அது முடியும் வரை பார்த்தார். பிறகு, “சலேகா,” என்றார்.

சனிக்கிழமை போனவர்கள் திங்கட்கிழமை நல்லபடியாகத் திரும்பினார்கள். அன்றே நான் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு மத்தியானம் செம்பூருக்குப் போனேன். பள்ளிக்கூட வாசலில் அந்த வேன் நின்றது. டிரைவர் ஒரு மராட்டியர், வயதானவர். கராஜிலிருந்து வந்திருக்கிறேன், ஒரு போல்ட்டு பார்க்க வேண்டும் என்று அரைகுறை இந்தியில் சொன்னேன். பானெட்டைத் திறந்துவிட்டார். சட்டைக் கையைச் சுருட்டி, போல்ட்டில் கிரீஸ் தடவி உள்ளே விட்டேன். மணிக்கட்டிலேயே நின்றுவிட்டது. புகைக்குழாய் சூட்டில் தோல் ஒட்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். விரல் நுனிக்கும் அந்த ஓட்டைக்கும் நடுவில் நாலு விரற்கடை இருந்திருக்கும். என் கை போகவில்லை.

“இதில் ஒரு போல்ட்டு இல்லை, வண்டி எடுக்காதீர்கள்,” என்றேன் டிரைவரிடம்.

அவர் என் கையில் இருந்த கொப்புளத்தைப் பார்த்தார். “யே காம் கிஸ்னே கியா தா?” இந்த வேலையைச் செய்தது யார் என்று கேட்டார்.

“பத்லா ஹாத்.”

அவர் முகம் மலர்ந்தது. பானெட்டை இறக்கி மூடினார். “உஸ்னே கியா? தோ சலேகா, பாய்.” அவர் செய்ததென்றால் சலேகாதான் என்றார்.

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவந்து ஏறினார்கள். இருபத்தாறு. கடைசியில் ஏறிய பெண்ணுக்கு ஒரு கால் செருப்பு கழன்று விழ, டிரைவரே இறங்கி மாட்டிவிட்டார். வேன் இருமியபடி மேட்டில் ஏறிப்போனது. அந்தச் சத்தம் மாறுகிறதா என்று அது கேட்காமல் போகும் வரை நின்றேன்.

மறுநாள் காலை அண்ணாச்சி நகம் வெட்டிக்கொண்டிருந்தார். போல்ட்டை அவர் முன்னால் வைத்தேன். தொட்டதும் தெரிந்துகொண்டார்.

“இது எங்க போயிருந்துச்சு?”

“செம்பூருக்கு. எனக்கு எட்டல அண்ணாச்சி. நீங்க வந்து மாட்டிக் குடுங்க.”

“எதுக்கு?”

“பிள்ளைங்க போற வண்டி.”

அவர் நகத்தை ஊதினார். கோபமே இல்லாமல், ஊரில் யாரைத் தெரியும் என்று விசாரிப்பது போலக் கேட்டார்: “அதுல உம்ம பிள்ள போவுதா?”

எனக்கு அப்போது பிள்ளை கிடையாது. அது அவருக்கும் தெரியும். என் வாயிலிருந்து எப்படி வந்ததோ, “எங்க அக்கா மவன் போறான்,” என்றேன்.

சவரத் தகட்டைக் கீழே வைத்தார். “உமக்குச் செம்பூர்ல அக்கா இருக்காளா?”

“இருக்கா. சின்னவன் அந்த வேன்லதான் போறான்.”

“மொதல்லயே சொல்லிருக்கப்புடாதா வே,” என்றார். “நம்ம பிள்ளைன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

துணி மூட்டையை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பினார். சேட்டு கத்தியதைக்கூடக் கேட்கவில்லை. செம்பூரில் வேனுக்கு அடியில் இரண்டு மணி நேரம். இந்தத் தடவையும் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, இந்தத் தடவையும் ரத்தம் வடிய, மாட்டி இறுக்கினார். பிறகு என் கையைப் பிடித்து அது போகும் மட்டும் உள்ளே விடச் சொல்லி, நீளக் கம்பியால் போல்ட்டின் தலையைத் தட்டிக் காட்டினார். கெட்டியான சத்தம். “பாத்துக்கிடும். இனிமே உம்ம அக்கா மவனுக்கு ஒண்ணும் ஆவாது.”

பிள்ளைகள் வெளியே வந்தபோது, அதில் எது அவன் என்று கேட்டார். நீலப் பை வைத்திருந்த ஒரு பையனைக் காட்டினேன். அண்ணாச்சி அவனைக் கூப்பிட்டு, எண்ணெய் படாத இடது கையால் அவன் தலையைத் தடவிக் கொடுத்தார்.

கராஜுக்குத் திரும்பியதும் அவர் குளிக்கப் போனார். நான் பெஞ்சுக்கு அடியிலிருந்து டப்பாவை இழுத்து எண்ணினேன். இன்னும் பத்தொன்பது இருந்தன. எனக்கு இருப்பது ஒரே அக்கா. அவள் ஊரில் இருக்கிறாள். அவளுக்குப் பிள்ளை கிடையாது.